மயில்கழுத்து ஸ்வெட்டர்

எதையும் பாதியில விடறவங்களைக் கண்டா எனக்கு ஆகவே ஆகாது. ஆனா அவங்க விட்ட மிச்சம் மீதியெல்லாம் கடைசியில என் மேஜைக்குத்தான் வந்து சேருது. என் தலையெழுத்து.

குளிர் ஆரம்பிக்கப் போகுதுன்னாலே நம்ம ஜனங்களுக்கு ஒரு வேகம் வரும். கடைக்குப் போய் உல்லன் நூலை அள்ளிட்டு வருவாங்க, ஊசி வாங்குவாங்க, போன்ல வீடியோ பார்ப்பாங்க. கொஞ்ச நாள் ஜோராப் பின்னுவாங்க. ஒருநாள் ஒரு கண்ணு நழுவும். பின்னல்ல ஒவ்வொரு வளையத்தையும் கண்ணுன்னுதான் சொல்லுவோம். நழுவினதை எடுத்து மாட்டப் பொறுமை இருக்காது, ஊசியோட சேர்த்துச் சுருட்டி பீரோ அடித்தட்டுல திணிச்சிடுவாங்க. வருஷக்கணக்கா அங்கேயே கிடக்கும். வீட்டை ஒழிக்கும்போது கண்ணுல பட்டா தூக்கிப் போட மனசு வராது, முடிக்கவும் துப்பிருக்காது. அப்பதான் தர்ம சிந்தனை பொத்துக்கிட்டு வரும். "யாருக்காவது ஆகட்டும்"னு எங்க சங்கத்துல கொண்டு வந்து கொட்டிட்டு, சொத்தையே எழுதி வெச்ச மாதிரி ஒரு முகத்தோட நிப்பாங்க.

சங்கம்னா பெரிசா ஒண்ணும் இல்லை. சலவைக் கடைக்குப் பின்னால ஒரு நீள ரூம். முன்பக்கம் இஸ்திரி நடந்துக்கிட்டே இருக்கறதால சுவர் எப்பவும் வெதுவெதுன்னு இருக்கும். ரெண்டு மேஜை, கொஞ்சம் பிளாஸ்டிக் நாற்காலி, சுவரோரமா மூட்டை மூட்டையா மத்தவங்க சோம்பேறித்தனம். அதையெல்லாம் தரம் பிரிச்சு, ஒரே அளவு சதுரமா ஆக்கி, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துப் போர்வையாக்கி, வீடில்லாதவங்க தங்கற விடுதிக்கும் ஆஸ்பத்திரி பிரசவ வார்டுக்கும் கொடுக்கறோம். கொடுக்கறோம்னு சொல்றது ஒரு பேச்சுக்குத்தான். சேர்த்துத் தைக்கறது நான். தலைவி மேடம் போட்டோ எடுப்பாங்க.

எனக்கு இந்த வேலை பொருத்தம்தான், ஏன் மறைக்கணும். ரிட்டயர் ஆகற வரைக்கும் ரெடிமேட் துணி கம்பெனியில செக்கிங்ல இருந்தவ நான். குறை கண்டுபிடிக்கறதுக்கே சம்பளம் வாங்கினவ. இங்க குறைக்குப் பஞ்சமே இல்லை. ஒத்தைக் கால் சாக்ஸ் வரும். உடம்பே இல்லாம வெறும் கழுத்து வரும். குழந்தைக்குன்னு ஆரம்பிச்ச ஸ்வெட்டர் வரும், விசாரிச்சா அந்தக் குழந்தை இப்ப ஷேவ் பண்ணிக்குது. ஒரு அம்மா முழம் கூட இல்லாத ஒரு துண்டைக் கொடுத்துட்டு, போர்வையில தன் பேரை ஒரு மூலையில தைக்க முடியுமான்னு கேட்டாங்க. "தாராளமா, நீங்க பின்னின இடத்துல எவ்வளவு எழுத்து கொள்ளுமோ அவ்வளவு தைக்கறேன்"னேன். அதுக்கப்புறம் அவங்க வரலை, போகட்டும், நஷ்டம் ஒண்ணும் இல்லை.

மேடம் ஒரே ஒரு உருப்படியான விதி போட்டிருக்காங்க. யார் எதைக் கொண்டு வந்தாலும் ஏன் பாதியில விட்டீங்கன்னு கேக்கக் கூடாது. எனக்குக் கேக்கத் தேவையும் இல்லை. துண்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தாலே போதும், ஆள் எப்படின்னு தெரிஞ்சிடும். நூலை இறுக்கி இழுத்திருந்தா கோபக்காரி. வரிசைக்கு வரிசை அளவு மாறினா டிவி பார்த்துக்கிட்டே பின்னினவ. எல்லாத்துலயும் பொதுவா ஒண்ணு இருக்கும், ஊசியை மட்டும் உருவியிருக்க மாட்டாங்க. என்னிக்காவது முடிச்சிடுவோம்னு ஒரு நினைப்பு. அந்த நினைப்பைத்தான் என்னால தாங்க முடியாது.

அன்னிக்குக் காலைல நான் ரூமைத் திறந்து இன்னும் உக்காரக்கூட இல்லை, அண்ணி வந்து நிக்கறாங்க. எங்க அண்ணனோட மனைவி. கையில துணிப்பை. எடுத்ததை முடிக்காம எழுந்திருக்கற பழக்கமே அவங்களுக்குக் கிடையாது, அவங்களுக்கும் எங்க சங்கத்துக்கும் என்ன சம்பந்தம்னு யோசிச்சுக்கிட்டே பையை வாங்கிப் பிரிச்சேன்.

மயில்கழுத்து நிறத்துல ஆம்பளை ஸ்வெட்டர். அசல் கம்பளி நூல். முன்பக்கம், பின்பக்கம், கழுத்து, ஒரு கை எல்லாம் ஆச்சு. இன்னொரு கை முழங்கை வரைக்கும் வந்து நிக்குது. ஊசி இல்லை. கடைசி வரிசையில ஒவ்வொரு கண்ணையும் பக்கத்துக் கண்ணோட கோத்து, நேரா, அழகா அடைச்சிருந்தாங்க. முழுக் கையோட மணிக்கட்டை எப்படி அடைப்பாங்களோ அப்படி. இவ்வளவு வருஷத்துல பாதிக் கையை இப்படி முடிச்சு வெச்ச ஒருத்தரை நான் பார்த்ததில்லை. இது பாதியில விட்டது இல்லைன்னு எனக்கு உடனே புரிஞ்சு போச்சு. போதும்னு நிறுத்தினது.

"எப்ப கிளம்பறீங்க அண்ணி?"ன்னு கேட்டேன்.

அவங்க ஆச்சரியப்படலை. "மத்தியான வண்டி. பெண்கள் ஹாஸ்டல்ல வார்டன் வேலை, தங்கறதுக்கு அங்கேயே ரூம். பொண்ணுகிட்ட சொல்லிட்டேன், அவ தாராளமாப் போம்மான்னுட்டா. உங்க அண்ணனுக்கு மட்டும் தெரியாது."

"தெரியவும் வேண்டாம்."

"வண்டி கிளம்பற வரைக்கும் தெரியாம இருந்தா போதும்மா. முன்னாடியே தெரிஞ்சா அவருக்கு நெஞ்சு வலி வந்துடும். எனக்கு விட்டுட்டுப் போகக் கால் வராது. என்னைப் பத்தி எனக்கே தெரியுமே."

எனக்கும்தான் தெரியும். என் அண்ணனைப் பத்திச் சொல்லணும்னா எனக்கு வாயே கசக்கும். ஆபீஸ்ல சூப்பிரண்டா இருந்தவன். வீட்டுலயும் அதே உத்தியோகம்தான், ஒரு துரும்பைத் தூக்கிப் போட மாட்டான், அடுத்தவங்க போடறது கோணலா இருக்குன்னு மட்டும் சொல்லுவான். அண்ணிக்கு முதல்ல ஒரு ஸ்கூல்ல வேலை கிடைச்சது. சேர வேண்டிய அன்னிக்குக் காலைல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாய்ஞ்சான். அப்புறம் ஒரு தடவை அவங்க தங்கச்சி கடை வெச்சு, கூட வந்து இருன்னு கூப்பிட்டா. பெட்டி கட்டற நேரத்துல மறுபடி நெஞ்சு. ரெண்டு தடவையும் டாக்டர் வாயுன்னு சொல்லி அனுப்பிட்டார். ரெண்டு தடவையும் அண்ணி பெட்டியைப் பிரிச்சுட்டாங்க. இதுக்கு மேல அவங்களை வேலைக்குக் கூப்பிட யாரும் இல்லை. இந்த வண்டியை விட்டா அவ்வளவுதான், மிச்ச காலத்துக்கும் அவனுக்குச் சாதம் வடிச்சுக் கொட்ட வேண்டியதுதான்.

"அவர் லைப்ரரிக்குப் போனதும் வீட்டைப் பூட்டிட்டுக் கிளம்பிடுவேன்"னாங்க அண்ணி. "சாவி எடுத்துட்டுப் போற வழக்கம் அவருக்குக் கிடையாது. இன்னொரு சாவி உன்கிட்டதான் இருக்கு. நேரா இங்கதான் வருவார். உள்ள போனா பீரோ மேல பெரிய பெட்டி இல்லைங்கறது உடனே தெரிஞ்சிடும். ஸ்டேஷனும் கிட்டத்துலதான், ஓடி வந்துடுவார். வண்டி நகர்ந்ததும் உனக்கு மிஸ்டு கால் கொடுக்கறேன், அதுவரைக்கும் சாவியைக் கொடுத்துடாதே."

"அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்."

"அப்புறம் உன் தலையிலதான் விழுவார்."

"விழட்டும். நான் உங்களை மாதிரி இல்லை, எனக்கு வாயு எது நெஞ்சு எதுன்னு தெரியும்."

ரொம்ப நாள் கழிச்சு அண்ணி சிரிச்சுப் பார்த்தேன். ஸ்வெட்டரைக் காட்டி, "இதைப் பிரிச்சுடு. சதுரமா வெட்டாதே, நல்ல நூல், மத்தவங்களுதைச் சேர்க்க உதவும்"னாங்க. அந்த நிறம் அவன் கேட்டு வாங்கினது. மேலதிகாரி ஒருத்தர் மயில்கழுத்துல போட்டிருந்தாராம், அதே வேணுமாம். கடை கடையா ஏறித் தேடினாங்க அண்ணி. போன குளிர்ல தோள்ல வெச்சு அளவு பார்த்தப்ப கழுத்து இறுக்குதுன்னு முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டானாம், பிரிச்சு மறுபடி பின்னியிருக்காங்க. நானா இருந்தா இன்னும் கொஞ்சம் இறுக்கியிருப்பேன்.

அவங்க போனதும் வேலையை ஆரம்பிச்சேன். தையலைப் பிரிச்சு ஒவ்வொரு பாகமாத் தனியா எடுத்தேன். கம்பளிப் பின்னல் ஒரு நுனி கிடைச்சா போதும், இழுக்க இழுக்கச் சரசரன்னு வரும். கையும், பாதிக் கையும், பின்பக்கமும் சாப்பாட்டு நேரத்துக்குள்ள நூலாயிடுச்சு. முன்பக்கம் கழுத்தோட என் மடியில கிடக்கும்போது அவன் வந்தான்.

வாசல்ல நின்னுக்கிட்டே, "உங்க அண்ணி வீட்டைப் பூட்டிட்டு எங்கேயோ போயிட்டா. போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கறா. சாவியைக் கொடு"ன்னான்.

மடியில இருக்கறதை மறைக்க நேரமே கிடைக்கலை. அப்படியே வெச்சுக்கிட்டு, "கடைத்தெருவுக்குப் போயிருப்பாங்க, சத்தத்துல கேட்டிருக்காது. உள்ள வா அண்ணா"ன்னேன்.

வந்தான். மூட்டைகளைப் பார்த்து மூக்கைச் சுளிச்சான். என் மடியைப் பார்த்தான். மாட்டிக்கிட்டோம்னே நினைச்சேன். அந்த நிறம், அந்தக் கழுத்து, அளவு பார்க்கறேன்னு எத்தனை தடவை இவன் மேல வெச்சுப் பார்த்திருப்பாங்க.

"என்ன நிறம் இது, கண்ணை உறுத்துது"ன்னான்.

என் பயமெல்லாம் அந்த நிமிஷமே போயிடுச்சு. இந்த ஆளுக்குப் பயந்தோமேன்னு எனக்கே வெக்கமா இருந்தது.

"யாரோ விட்டுட்டுப் போனது"ன்னேன்.

"எடுத்ததை முடிக்கத் தெரியாதவங்க எல்லாம் எதுக்கு ஆரம்பிக்கறாங்க"ன்னான். வீட்டுல ஒரு பல்பு மாத்தணும்னு ஸ்டூலைக் கொண்டு வந்து போட்டுட்டு, அதுல உக்கார்ந்து பேப்பர் படிச்சவன் பேசற பேச்சு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன்.

"சாவி பையில அடியில எங்கேயோ கிடக்கு. நூலை விட்டா சிக்கிடும், இப்ப எழுந்திருக்க முடியாது. கொஞ்சம் உக்கார்ந்து கையை நீட்டு, சுத்தி முடிச்சதும் எடுத்துத் தர்றேன்."

பிரிச்ச நூலை எதையாவது சுத்தி வளையமா எடுத்து வெச்சாத்தான் அப்புறம் துவைச்சு நேராக்க முடியும். எப்பவும் நாற்காலி முதுகுலதான் சுத்துவேன். ஆனா நாற்காலி எழுந்து வீட்டுக்குப் போய் பீரோவைப் பார்க்காது. இவன் பார்ப்பான்.

"நானா? இந்த மாதிரி வேலைக்கெல்லாமா?"

"உன்னை மாதிரி கை நடுங்காம பிடிக்கறவங்க இங்க யாரு இருக்கா"ன்னேன். புகழ்ந்தா மயங்கறதுல அவன் சின்ன வயசுலேர்ந்து அப்படியேதான். உக்கார்ந்தான். ரெண்டு கையையும் நீட்டினான். நான் முன்பக்கத்தோட அடிவரிசையிலேர்ந்து ஒரு நுனியைப் பிடிச்சு இழுத்து, அவன் ஸ்வெட்டரை அவன் கையிலயே சுத்த ஆரம்பிச்சேன்.

வேணும்னே மெதுவாச் சுத்தினேன். வண்டி கிளம்ப வேண்டிய நேரம் ஆச்சு. போன் அசையலை. நேரம் தாண்டியும் போச்சு. அப்பவும் அசையலை. வண்டி தாமதமா, இல்லை அண்ணி பிளாட்பாரத்துலயே மனசு மாறி நின்னுட்டாங்களான்னு எனக்குள்ள அடிச்சுக்குது. இவனோ ஆபீஸ் கதையை அவிழ்த்து விட்டுட்டான். தான் இல்லாம அந்த ஆபீஸ் எப்படித் திண்டாடுதுன்னு சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறான். திண்டாடறதா இருந்தா இந்நேரம் ஒருத்தராவது இவனுக்குப் போன் பண்ணியிருப்பாங்க.

"போதும், கை வலிக்குது. சாவியை எடு"ன்னான் திடீர்னு. எழுந்திருக்கவும் பார்த்தான்.

அந்த நேரத்துல மேடம் உள்ள வந்தாங்க. என் ஆயுசுல முதல் தடவையா அவங்களைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டேன்.

"அட, யாரு இவர்? நம்ம சங்கத்துல முதல் ஆண் தொண்டரா?"

"என் அண்ணன் மேடம். உதவி பண்ணணும்னு அவராவே வந்திருக்கார்"னேன். அப்படிச் சொல்ல வாய் கூசிச்சு, இருந்தாலும் சொன்னேன்.

மேடம் கைப்பையிலேர்ந்து போனை எடுத்துட்டாங்க. எழுந்த மனுஷன் உக்கார்ந்துட்டான். முதுகு நிமிர்ந்தது, வயிறு உள்ள போச்சு. "இந்தப் பக்கம் வெளிச்சம் நல்லா விழும்"னு அவனே நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கிட்டான். மேடம் பக்கவாட்டுல எடுத்தாங்க, நேரா எடுத்தாங்க, கையை மட்டும் கிட்டத்துல எடுத்தாங்க. ஒரு போர்வையைக் கூட இதுவரைக்கும் தைக்காதவங்களும், ஒரு போர்வையைக் கூட இதுவரைக்கும் மடிச்சு வைக்காதவனும் சேவையைப் பத்திப் பேசிக்கிட்டாங்க. காது கொடுத்துக் கேக்க முடியலை. ஆனா என்னிக்குமில்லாம, இன்னும் நல்லாப் பேசுங்கன்னு மனசுக்குள்ள வேண்டிக்கிட்டேன்.

"என்ன அருமையான நூல். யார் கொடுத்தது?"ன்னு மேடம் கேட்டாங்க.

"ஏன், யாருன்னு கேக்கக் கூடாதுன்னு நீங்கதானே மேடம் சொன்னீங்க"ன்னேன்.

"ஏன்னுதான் கேக்கக் கூடாது. யாருன்னு கேக்கலாம்."

"ஒரு அம்மா. வெளியூர் போறாங்களாம்."

"பாவம், முடிக்க நேரம் இல்லை போல"ன்னு சொல்லிட்டு மேடம் போட்டோவைப் பார்த்துக்கிட்டே முன்பக்கம் போயிட்டாங்க. அண்ணன் என்னைக் கேட்டான், "அந்தப் போட்டோவை எனக்கும் அனுப்பச் சொல்லேன்."

மேஜை மேல போன் ஒரு தடவை அதிர்ந்தது. நின்னுடுச்சு.

திரையில அண்ணின்னு இருந்தது. அப்படியே பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருந்தேன். என் கண்ணு கலங்கிடுச்சு. போயிட்டாங்க. நிஜமாவே போயிட்டாங்க.

"யாரு? அவதானே? திருப்பிப் போட்டு என் காதுல பிடி, எங்க ஊர் சுத்திட்டு இருக்கான்னு நானே கேக்கறேன்."

"கேக்க வேண்டாம் அண்ணா. நானே சொல்றேன். அண்ணி வண்டியில இருக்காங்க. வெளியூர்ல வேலை கிடைச்சிருக்கு, அங்கேயே தங்கப் போறாங்க. வண்டி கிளம்பிடுச்சு, இனிமே இறங்க முடியாது."

அவன் முகம் வெளுத்துச்சு. அப்புறம் கண்ணு மேல சொருகிச்சு, நான் எதிர்பார்த்தபடியே கை நெஞ்சுக்குக் கிளம்பிச்சு. ஆனா ரெண்டு கையும் நூல் வளையத்துக்குள்ள இருக்கே. ஒரு கையைத் தனியா எடுக்க முடியலை, ரெண்டும் சேர்ந்து எழும்பி, பாதி வழியில நின்னுக்கிட்டு இருந்தது.

"வலிக்குதா?"ன்னு கேட்டேன். "ஆஸ்பத்திரி பக்கத்துலதான், ஆட்டோ கூப்பிடறேன். ஆனா அங்க பக்கத்துல உக்கார்ந்து அழறதுக்கு ஆள் இல்லை. நான் அழ மாட்டேன்."

கண்ணு தானாக் கீழ இறங்கிச்சு. கையும் இறங்கிச்சு. இவ்வளவு சீக்கிரம் குணமான நெஞ்சு வலியை எந்த டாக்டரும் பார்த்திருக்க மாட்டார்.

"என் வீட்டுல வந்து உக்கார்ந்துக்கலாம்னு ஒரு நினைப்பு இருந்தா அதை இப்பவே விட்டுடு"ன்னும் சொன்னேன். "சாவி தர்றேன், உன் வீட்டுக்குப் போ. அடுப்பு எங்க இருக்குன்னு தேடிக் கண்டுபிடி."

கையில சுத்தியிருந்த நூலையே பார்த்துக்கிட்டு இருந்தான். என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவன். அவ ஏன் போனான்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா போதும். தனியாவா போனா, சாப்பிட்டாளா, எப்ப வருவா, எதைக் கேட்டிருந்தாலும் எனக்கு மனசு இளகியிருக்கும். சத்தியமாச் சொல்றேன், அதுக்காகத்தான் கையில இருக்கற நூலை இழுக்காம காத்துக்கிட்டு இருந்தேன்.

கடைசியில வாயைத் திறந்தான்.

"அந்த ஸ்வெட்டர்?"னான். "எனக்குன்னு பின்னிக்கிட்டே இருந்தாளே. குளிர் வேற வருது. அதையாவது முடிச்சு வெச்சுட்டுப் போனாளா?"

"கையை அசைக்காதே"ன்னு சொல்லிட்டு, மிச்சம் இருந்ததையும் பிரிச்சு அவன் கையிலயே சுத்தி முடிச்சேன்.